எடுத்து வளர்த்தவர்களின் சுபாவம்

சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் இரண்டாம் அத்தியாயத்திலேயே திருமதி ஜோ ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறாள். கொல்லன் ஜோ கார்ஜரியின் மனைவி அவள். தாய் தகப்பன் இல்லாத தம்பி பிப்பை எடுத்து வளர்ப்பவள், அவனைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவள். முழு ரொட்டியை இடது கையால் மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். அவள் கழற்றாமல் கட்டியிருக்கும் ஏப்ரனின் மார்புப் பகுதி முழுக்கக் குண்டூசிகளும் தையல் ஊசிகளும் குத்தியிருக்கின்றன. சில சமயம் அவற்றில் ஒன்று ரொட்டிக்குள் போய், அங்கிருந்து சாப்பிடுகிறவர் வாய்க்குள் போய்விடும். வெண்ணெயையும் தாராளமாக வைப்பதில்லை. மருந்துக்கடைக்காரர் பற்றுப் போடுவதுபோல இழுத்துத் தேய்த்து, ஓரத்தை வழித்தெடுத்து, கனமாக ஒரு துண்டு அறுத்து, அதை இரண்டாக்கிக் கணவனுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி.

பிப்புக்கு அவள் சொல்லும் புத்திமதிகளுக்குக் கணக்கில்லை. நன்றியோடு இரு, கேள்வி கேட்காதே, உன்னை வளர்க்க நான் பட்ட பாட்டை மறக்காதே. இவற்றில் ஒன்றாவது அவனிடம் தங்கியதாக நாவலில் அடையாளம் இல்லை. தங்கியது அந்த ஊசி ரொட்டிதான். சோறு போடுகிற கையே எந்த நேரத்தில் குத்தும் என்று தெரியாத வீட்டில் வளர்ந்தவனுக்கே உரிய கூச்சமும் குற்றவுணர்ச்சியும் கடைசி அத்தியாயம்வரை அவனோடு வருகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர்கள் இந்த விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கவனித்திருக்கிறார்கள். வளர்ப்பவர் சொல்லிக்கொடுப்பது ஒருபக்கம் கிடக்கும். அவருடைய சுபாவம்தான் பிள்ளைக்குள் போகும். ஆனால் அது அப்படியே அச்சாகப் பதிவதில்லை. கோபக்காரர் வளர்த்த பிள்ளை கோபக்காரனாகிவிட்டால் நாவலாசிரியருக்கு வேலையே இல்லை. அந்தச் சுபாவத்தோடு ஒரே கூரையின் கீழ் காலம் தள்ளப் பிள்ளை ஒரு வழி கண்டுபிடிக்கிறது. அந்த வழி நாளடைவில் இறுகி அதன் குணமாகிவிடுகிறது. எந்த வழி அதற்குக் கிடைக்கும் என்பது, அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. நான்கு நாவல்களை அடுத்தடுத்து வாசித்தால் இது துலக்கமாகத் தெரிகிறது.

முதலில் கொஞ்சம் பின்னணி. இங்கிலாந்தில் தத்தெடுப்பதற்கென்று ஒரு சட்டம் 1926-ல்தான் வந்தது. அதுவரை அனாதைப் பிள்ளை யார் வீட்டில் வளர வேண்டும் என்பதை உறவு, தர்ம சிந்தை, சில சமயம் வெறும் தற்செயல் ஆகியவை தீர்மானித்தன. பணக்காரப் பிள்ளைக்குச் சொத்தை முன்னிட்டு நீதிமன்றம் காப்பாளரை நியமிக்கும். ஏழைப் பிள்ளைக்கு அக்கா, சித்தப்பா, இல்லையென்றால் ஏழைகள் விடுதி. எடுத்து வளர்ப்பவருக்கு இவ்வளவுதான் அதிகாரம், இவ்வளவுதான் கடமை என்று எழுதிவைத்த வரம்பு கிடையாது. ஆகவே பிள்ளையின் சட்டமெல்லாம் வளர்ப்பவரின் மனநிலைதான்.

வளர்ப்பைப் பற்றிய கொள்கைகளுக்கு அப்போது பஞ்சமில்லை. ஜான் வெஸ்லியின் தாய் சுசன்னா வெஸ்லி 1732-ல் மகனுக்கு எழுதிய கடிதத்தில், குழந்தையின் பிடிவாதத்தைச் சிறு வயதிலேயே முறித்துவிட வேண்டும் என்கிறார். அடியாத மாடு படியாது என்று நம் ஊரில் சொல்வதன் கிறிஸ்தவ வடிவம் அது. அவருக்கு முன்பே 1693-ல் ஜான் லாக், அடிக்கடி அடித்து வளர்த்தால் அடிமை மனம்தான் வளரும் என்று எழுதியிருந்தார். நாவலாசிரியர்கள் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கொள்கை எதுவானாலும் அதை நடத்துகிற ஆளின் உடம்பும் மனசும் எப்படிப்பட்டவை என்று பார்த்தார்கள்.

பிப்பிடம் திரும்புவோம். அவன் வீட்டில் இரண்டு பெரியவர்கள். அக்காவின் கையில் எப்போதும் ஒரு பிரம்பு. பிப்பின் முதுகில் பட்டுப்பட்டு வழவழப்பாகிவிட்ட பிரம்பு. அக்காவின் கணவன் ஜோ இரும்பை வளைக்கும் பலசாலி, மனைவியிடம் வாய் திறக்காதவன். அவள் கோபமாக இருக்கிறாள் என்பதைப் பிப்புக்குத் தெரிவிக்க, அவள் பார்க்காத நேரம் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் குறுக்காக வைத்துக் காட்டுவான். கிறிஸ்துமஸ் விருந்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பிப்பைக் கண்டிக்கும்போது, ஜோ ஒரு வார்த்தை மறுத்துப் பேசுவதில்லை. ஒவ்வொரு குத்தலுக்கும் பிப்பின் தட்டில் ஒரு கரண்டி இறைச்சிக் குழம்பு ஊற்றுகிறான். தட்டில் குழம்பு ஏறிக்கொண்டே போகிறது.

இந்தக் குழம்புக் காட்சியை டிக்கன்ஸின் நகைச்சுவைக்கு உதாரணமாகச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். என் வாசிப்பில் நாவலின் மையமே இங்கேதான் இருக்கிறது. ஜோ ஏன் வாய் திறப்பதில்லை என்பதற்கு ஏழாம் அத்தியாயத்தில் பதில் வருகிறது. ஜோவின் தகப்பன் குடிகாரன், அவனையும் அவன் தாயையும் அடித்து நொறுக்கியவன். தாய் பட்ட பாட்டைக் கண்ணால் கண்ட ஜோ, ஒரு பெண்ணுக்குக் கெடுதல் செய்துவிடுவோமோ என்று பயந்து, அதைவிடத் தனக்கு வரும் சங்கடத்தைப் பொறுத்துக்கொள்வது மேல் என்று முடிவெடுத்திருக்கிறான். பிப்பின் முதுகில் பிரம்பு விழாமல், எல்லாவற்றையும் தானே வாங்கிக்கொள்ள முடிந்தால் தேவலை என்றும் சொல்கிறான். அப்படி நடக்கவில்லை, பிரம்பு பிப்பின் முதுகிலும் விழுந்துகொண்டேதான் இருந்தது. அப்படியானால் ஜோவின் சாந்தமே தகப்பனின் வெறிக்கு ஜோ சிறுவயதில் கண்டுபிடித்த பதில்தான். அந்தப் பதிலின் கீழ் இன்னொரு சிறுவன் வளர்கிறான். ஆறுதல் கிடைக்கும், பாதுகாப்பு கிடைக்காது.

பிப்பின் குணத்தில் இரண்டு பேருடைய கைரேகையும் இருக்கிறது. அக்காவின் பங்கு எல்லோருக்கும் தெரிந்தது. மிஸ் ஹாவிஷாம் என்ற பணக்காரியின் வீட்டுக்கு முதன்முறை போய்த் திரும்பியவன், அங்கே கண்டதைச் சொல்லச் சொல்லி மொத்துகிற அக்காவிடம் பொய்யாக அடுக்குகிறான். கறுப்பு வெல்வெட் வண்டி, வெள்ளிக் கூடையிலிருந்து கறித்துண்டுக்குச் சண்டை போடும் நான்கு பெரிய நாய்கள், கொடிகள். உண்மையைச் சொன்னால் புரியவும் புரியாது, அடியும் விழும். பொய்யென்றால் அக்கா உட்கார்ந்து கேட்கிறாள். அன்று இரவே ஜோவிடம் போய் எல்லாம் பொய் என்று ஒப்புக்கொள்கிறான். அக்காவிடம் பொய், ஜோவிடம் வாக்குமூலம். எட்டு வயதுக்குள் இந்தப் பங்கீடு பழகிவிடுகிறது.

ஜோவின் பங்கு அவ்வளவு எளிதாகக் கண்ணில் படுவதில்லை. பிப் பெரியவனாகி, யாரோ தரும் பணத்தில் லண்டனில் கனவானாக வாழ்கிறான். பகட்டுக்குச் செலவழிக்கிறான், கடன்படுகிறான், பார்க்க வந்த ஜோவைக் கண்டு வெட்கப்படுகிறான். அந்தக் காலம் முழுவதிலும் அவன் செய்த ஒரே நல்ல காரியம், நண்பன் ஹெர்பர்ட்டுக்கு ஒரு வியாபாரத்தில் பங்கு வாங்கிக்கொடுத்தது. அதை ஹெர்பர்ட்டுக்கே தெரியாமல் செய்கிறான். ஏன் தெரியாமல்? அன்பு என்றால் அப்படித்தான் காட்டுவார்கள் என்று அவன் கற்றது அந்தக் கிறிஸ்துமஸ் மேசையில். பேசாமல் ஊற்றப்பட்ட குழம்பு, பேசாமல் கட்டப்பட்ட பங்குத் தொகையாகியிருக்கிறது. நாவலின் பிற்பகுதியில் ஜோவும் அதையே செய்கிறான். காய்ச்சலில் கிடக்கும் பிப்பைப் பார்த்துக்கொண்டு, அவன் நகைக்கடைக்காரருக்கு வைத்திருந்த 123 பவுண்டுக்கும் சற்றே கூடுதலான கடனைத் தீர்த்து, ரசீதை வைத்துவிட்டு, விடிவதற்குள் கிளம்பிவிடுகிறான்.

அதே நாவலில் எஸ்டெல்லா என்னும் பெண்ணுக்கு இந்த இரண்டாவது ஆள் வாய்க்கவில்லை. கல்யாணத்தன்று கைவிடப்பட்ட மிஸ் ஹாவிஷாம், அன்று காலை ஒன்பது மணிக்கு இருபது நிமிடம் இருக்கையில் கடிகாரங்களை நிறுத்தி, அதே கல்யாண உடையில் பல்லாண்டு இருட்டறையில் உட்கார்ந்திருப்பவள். வக்கீல் ஜாகர்ஸ் மூலம் ஒரு பெண் குழந்தையைத் தருவித்து வளர்க்கிறாள். தனக்கு நேர்ந்தது இந்தக் குழந்தைக்கு நேரக்கூடாது என்றுதான் முதலில் நினைத்தாள். அழகு கூடக்கூட எண்ணம் திரிந்து, ஆண்களைப் பழிவாங்கும் கருவியாக அவளை ஆக்கினாள்.

எஸ்டெல்லா கல் நெஞ்சக்காரி என்று முத்திரை குத்திவிட்டால் ஒரு விஷயம் தவறிப்போகும்: நாவலிலேயே அவளைப்போல உண்மை பேசுகிறவர்கள் குறைவு. தனக்கு இதயம் இல்லை, என்னை நம்பாதே என்று பிப்பிடம் அவளே எச்சரிக்கிறாள். சொத்துக்காக மிஸ் ஹாவிஷாமைச் சுற்றி வந்து பசப்பும் உறவினர் கூட்டத்தின் நடுவே வளர்ந்தவள் அவள். சிரித்துக்கொண்டே தனக்குக் குழி பறித்தவர்களைக் குழந்தையிலேயே இனம் கண்டுகொண்டதாகச் சொல்கிறாள். ஒருபக்கம் பசப்பு, மறுபக்கம் வெறி. இரண்டுக்கும் அவள் கண்டுபிடித்த பதில், எதையும் உணராமல் எல்லாவற்றையும் துல்லியமாகப் பார்ப்பது. முப்பத்தெட்டாம் அத்தியாயத்தில் மிஸ் ஹாவிஷாம், என்னிடம்கூட இவ்வளவு ஈரமில்லாமல் இருக்கிறாயே என்று கதறும்போது, எஸ்டெல்லா கோபப்படுவதே இல்லை. நீங்கள் கொடுத்ததெல்லாம் உங்களுடையது, கொடுக்காததைத் திருப்பிக் கேட்டால் எங்கே போவேன் என்ற அர்த்தத்தில், கணக்குப்பிள்ளை கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொல்கிறாள். குளிர்ச்சியைச் சொல்லிக்கொடுத்தவளே அந்தக் குளிர்ச்சியின் முதல் பலி.

இதற்குப் பிறகு எஸ்டெல்லா சுயமாக எடுக்கும் ஒரே முடிவு, முரடன் பென்ட்லி டிரம்மலை மணப்பது. மிஸ் ஹாவிஷாம் பொறுத்திருக்கச் சொல்கிறாள். எஸ்டெல்லா, இந்த வாழ்க்கை அலுத்துவிட்டது என்று சொல்லிக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாள். வளர்த்தவளின் பேச்சை மீற அவளுக்குத் தெரிந்த வழி தன்னையே பாழாக்கிக்கொள்வது ஒன்றுதான். பிப்புக்கு மீறுவதற்கு ஒரு ஜோ இருந்தான், ஓடிப்போய் உண்மையைச் சொல்ல ஓர் உலைக்களம் இருந்தது. சாட்டிஸ் ஹவுஸ் என்ற அந்தப் பெரிய வீட்டில் இருந்தவை நின்றுபோன கடிகாரங்கள்தாம்.

இரண்டாவது ஆள் இருந்தாலே போதுமா? ஜேன் ஆஸ்டின் போதாது என்கிறார். 1814-ல் வெளிவந்த 'மேன்ஸ்ஃபீல்டு பார்க்' நாவலில் சர் தாமஸ் பெர்ட்ராமின் மகள்களுக்கு இரண்டு வளர்ப்பாளர்கள். தகப்பன் கண்டிப்பானவர், நெருங்கவிடாதவர். பெரியம்மா திருமதி நாரிஸ் அவர்களை ஓயாமல் புகழ்ந்து, கேட்டதற்கெல்லாம் தலையாட்டுபவள். தகப்பன் முன்னால் பெண்கள் வாய்பொத்தி நிற்கிறார்கள், பெரியம்மாவிடம் போய் இளவரசிகளாகிறார்கள். விளைவாக அவர்கள் கற்றது இரண்டு முகம் வைத்துக்கொள்ள. நாவலின் இறுதியில், மகள் மரியா கணவனை விட்டு ஓடிப்போன பிறகுதான் சர் தாமஸுக்குத் தன் பிழை உறைக்கிறது. தன் கண்டிப்பால் பெண்களின் உண்மையான குணம் தனக்கே தெரியாமல் மறைந்துபோயிற்று, முகஸ்துதி செய்கிற ஒருத்தியிடம் அவர்களைத் தானே துரத்திவிட்டோம் என்று உணர்கிறார். ஜோவும் திருமதி நாரிஸும் கண்டிப்புக்கு மாற்றாக வந்தவர்கள்தாம். ஜோ பிள்ளையோடு சேர்ந்து அடிவாங்கியவன், நாரிஸ் பிள்ளையைத் தன் பெருமைக்குப் பயன்படுத்தியவள். பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் தெரிந்துவிடுகிறது.

அதே வீட்டில்தான் ஏழை உறவுக்காரப் பெண் ஃபேனி பிரைஸ் பத்து வயதில் வந்து சேர்கிறாள். அவளுக்கு நாரிஸின் வேறு முகம். மாடியில் ஃபேனி உட்காரும் அறையில் கணப்பு மூட்டக்கூடாது என்பது அந்தப் பெரியம்மாவின் உத்தரவு. குளிர்காலத்தில் கணப்பில்லாத அறை எப்படியிருக்கும் என்று தமிழ்நாட்டில் வெந்து புழுங்குகிற நமக்குச் சட்டென்று உறைக்காது. ஆங்கில வாசகருக்கு அந்த ஒரு தகவலே நாரிஸைப் பற்றி எல்லாம் சொல்லிவிடும். ஃபேனிக்கு ஆதரவு சர் தாமஸின் மகன் எட்மண்ட். அவள் அண்ணனுக்குக் கடிதம் எழுத ஆசைப்பட்டு அழும்போது, காகிதம் கொண்டுவந்து கோடு போட்டுத் தருகிறான், முத்திரைக்குக் கீழே அரை கினி காசையும் வைத்து அனுப்புகிறான். குறுகி ஒடுங்கி வளர்ந்த இந்தப் பெண்தான் பிற்பாடு, ஹென்றி கிராஃபர்டை மணந்துகொள் என்று சர் தாமஸ் நேரிலேயே வற்புறுத்தும்போது, நடுங்கிக்கொண்டே முடியாது என்கிறாள். செல்லமாக வளர்ந்த இரண்டு பெண்களால் ஒருநாளும் அவர் முகத்துக்கு எதிரே அதைச் சொல்ல முடிந்ததில்லை. கேட்டது எதுவும் கிடைக்காத வீட்டில் வளர்ந்தவளுக்கு இழக்கவும் அதிகம் இல்லை என்பது என் ஊகம். ஆஸ்டின் இதை அவளுடைய ஒழுக்கத்தின் வெற்றியாகக் காட்டுகிறார். எனக்கு அந்தளவு நம்பிக்கை இல்லை.

எமிலி பிராண்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' (1847) இந்த விஷயத்தை ஒரு சோதனையாகவே நடத்திப் பார்க்கிறது. சோதனை செய்கிறவன் நாவலுக்கு உள்ளேயே இருக்கிறான்: ஹீத்கிளிஃப். லிவர்பூல் தெருவில் கிழவர் எர்ன்ஷா கண்டெடுத்த பிள்ளை அவன். கிழவர் பெற்ற மகன் ஹிண்ட்லியைவிட அவன்மேல் அதிகப் பிரியம் வைத்தார். அந்தப் பொறாமையில் வெந்த ஹிண்ட்லி, தகப்பன் கண்ணை மூடியதும் ஹீத்கிளிஃபை வேலைக்காரனாக்கி, படிப்பை நிறுத்தி மிருகமாக்கினான். காலம் திரும்பியது. ஹிண்ட்லி செத்ததும் அவன் மகன் ஹேர்ட்டன் ஹீத்கிளிஃபின் கைக்கு வருகிறான். ஒரே காற்று அடித்தால் இந்தச் செடியும் என்னைப்போலவே கோணுகிறதா பார்க்கலாம் என்ற பொருளில், அந்தச் சிறுவனை எதிரே வைத்துக்கொண்டே சொல்கிறான். பழிவாங்கலுக்கு இவ்வளவு விஞ்ஞானப் பார்வை எந்த நாவலிலும் நான் கண்டதில்லை.

ஆனால் செடி அவன் நினைத்தபடி கோணவில்லை. காரணங்களை பிராண்டி ஆங்காங்கே தூவிவைத்திருக்கிறார். ஹேர்ட்டனைக் கிட்டத்தட்ட ஐந்து வயதுவரை வளர்த்தவள் பணிப்பெண் நெல்லி டீன், எழுத்துக்கூட்டவும் தொடங்கியிருந்தாள். பிறகு அவள் வேறு வீட்டுக்குப் போக நேர்கிறது. சில மாதம் கழித்து வந்து பார்க்கிறாள். குழந்தை அவளைக் கல்லால் அடிக்கிறது, வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. உன் அப்பா என்ன சொல்லிக்கொடுக்கிறார் என்று விசாரித்தால், அவர் கண்ணில் படாமல் விலகியிருக்கத்தான் என்கிறது. ஹீத்கிளிஃபைப் பிடிக்கும் என்கிறது. ஏன்? அப்பா எனக்குக் கொடுப்பதை அவர் அப்பாவுக்குத் திருப்பிக் கொடுக்கிறார், என்னைத் திட்டினால் அவர் அப்பாவைத் திட்டுகிறார். அந்தக் குழந்தையின் தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. குடிவெறியில் கத்தும் தகப்பனிடமிருந்து தன்னைக் காப்பாற்றியவன் அதன் கண்ணுக்கு நல்லவன். அந்தப் பற்று கடைசிவரை விடவில்லை. தன் சொத்தையும் படிப்பையும் பறித்த ஹீத்கிளிஃபின் பிணத்தருகே உட்கார்ந்து மனமார அழுகிறவன் ஹேர்ட்டன் ஒருவன்தான்.

இன்னொரு காரணம் இதைவிட நுட்பமானது. ஹீத்கிளிஃப் ஹேர்ட்டனை உடம்பில் அடித்துத் துன்புறுத்தவில்லை என்கிறாள் நெல்லி. ஹேர்ட்டன் பயப்படாத பிள்ளை. பயப்படாத பிள்ளையை வதைப்பதில் ஹீத்கிளிஃபுக்குச் சுவை இல்லை. எழுதப் படிக்கச் சொல்லித்தராமல், எந்தக் கெட்ட பழக்கத்தையும் கண்டிக்காமல் விட்டுவிட்டான், அவ்வளவுதான். அவனுடைய சொந்த மகன் லின்டன் வேறு ரகம். பன்னிரண்டு வயதுவரை அம்மாவின் அரவணைப்பில் வளர்ந்தவன், நோஞ்சான், சிணுங்கல், எதற்கெடுத்தாலும் நடுக்கம். அந்த நடுக்கத்தைக் கண்டதும் ஹீத்கிளிஃபின் குரூரத்துக்குப் பசி எடுத்துவிடுகிறது. லின்டன் கோழையாகிறான், தன்னைவிட எளியவர்களை வதைப்பதில் இன்பம் காண்கிறவனாகவும் ஆகிறான். இரண்டாவது ஆள் இருந்தால் பிள்ளை தப்பிக்கும் என்ற என் வாதம் லின்டன் முன்னால் நொண்டத்தான் செய்கிறது. மென்மையான தாய் அவனுக்குப் பன்னிரண்டு வருடம் கிடைத்தாள். பிராண்டியின் பார்வையில் காற்று மட்டும் பேசுவதில்லை, செடியும் பேசுகிறது. வளர்ப்பவரின் சுபாவத்தில் எந்தப் பக்கம் விழித்துக்கொள்ளும் என்பதைப் பிள்ளையின் சுபாவமும் தீர்மானிக்கிறது.

ஒரு நூற்றாண்டு கழித்து மருத்துவர்கள் இதற்கு ஆய்வு மூலம் வந்து சேர்ந்தார்கள். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி 1956-ல் நியூயார்க்கில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். பிறக்கும்போதே குழந்தைகளுக்குள் சுபாவ வேறுபாடு இருக்கிறது என்றும், கெட்ட சுபாவம், நல்ல சுபாவம் என்று பிரிப்பதில் அர்த்தமில்லை என்றும், பிள்ளையின் சுபாவமும் வளர்ப்பவரின் எதிர்பார்ப்பும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதே முக்கியம் என்றும் சொன்னார்கள். ஜாதகப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் செய்கிற சமூகத்தில் இந்தப் பொருத்தத்தைப் பார்க்க யாருக்கும் வாய்ப்பில்லை; பிறக்கிற பிள்ளை பொருத்தம் பார்த்துப் பிறப்பதில்லை.

இனி ஒரு சந்தோஷமான வீடு. ஜார்ஜ் எலியட்டின் 'சைலஸ் மார்னர்' 1861 ஏப்ரலில் புத்தகமாக வந்தது. 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' அப்போது டிக்கன்ஸின் வாரப் பத்திரிகையில் தொடராக ஓடிக்கொண்டிருந்தது. ஒரே வசந்தத்தில் இங்கிலாந்து வாசகர்களுக்கு, ஒரு கொல்லன் வீட்டில் வளரும் பிள்ளையும் ஒரு நெசவாளி வீட்டில் வளரும் பிள்ளையும் கிடைத்தார்கள். சைலஸ் பயந்த சுபாவம், கிட்டப்பார்வை, திடீரென்று நினைவிழந்து நிற்கும் நோய். உயிர் நண்பனே திருட்டுப்பழி சுமத்தியதால் ஊரை விட்டு வந்து, பதினைந்து ஆண்டு யாரோடும் ஒட்டாமல் தறி நெய்து, தங்கக் காசுகளை எண்ணிக்கொண்டிருந்தவன். காசு திருடுபோகிறது. பனி இரவொன்றில் வழியில் செத்துப்போன ஒரு தாயின் குழந்தை, திறந்திருந்த கதவு வழியே தத்தித் தத்தி நடந்து வந்து அவன் கணப்பருகே தூங்கிவிடுகிறது. எப்பி என்று பேர் வைத்து வளர்க்கிறான்.

நல்ல மனசுக்காரியான அண்டை வீட்டுக்காரி டாலி வின்த்ராப், பிள்ளையைக் கண்டிக்க இரண்டு வழி சொல்லித்தருகிறாள்: அடி, இல்லையென்றால் கரி போட்டுவைக்கும் மாடத்தில் சற்று நேரம் அடைத்து வை. சைலஸுக்கு இரண்டையும் நினைத்தாலே கை நடுங்குகிறது. மூன்று வயது எப்பியைத் தறியோடு அகலமான ஒரு துணிப்பட்டையால் கட்டிவைப்பது அவன் வழக்கம். ஒருநாள் அவன் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வேலையில் மூழ்கியிருக்கையில், அவள் பட்டையை நறுக்கிவிட்டு ஓடிவிடுகிறாள். பதறித் தேடினால் குட்டை ஓரம், செருப்பில் தண்ணீர் மொண்டு விளையாடிக்கொண்டிருக்கிறாள். இனி கண்டிக்காமல் இருக்கக்கூடாது என்று துணிந்து கரி மாடத்தில் போட்டுக் கதவைச் சாத்துகிறான். ஒரு நிமிடத்தில் மனம் கேட்காமல் திறந்துவிடுகிறான். குளிப்பாட்டி, உடை மாற்றி, இனி புத்தி வந்திருக்கும் என்று திரும்பிப் பார்த்தால், எப்பி தானாகவே கரி மாடத்துக்குள் ஏறி உட்கார்ந்து கொண்டிருக்கிறாள். அவளுக்கு அது புது விளையாட்டு. அத்தோடு தண்டனை முயற்சி முடிந்தது.

எப்பி கண்டிப்பே இல்லாமல் வளர்ந்தும் கெட்டுப்போகவில்லை என்கிறார் எலியட். காரணம் சைலஸ் மட்டும் அல்ல. டாலி, அவள் மகன் ஏரன், ஞாயிறு தேவாலயம், துணி கொண்டுபோகும் பண்ணை வீடுகள் எல்லாம் அவளை வளர்க்கின்றன. பிள்ளையை முன்னிட்டு ஊரும் சைலஸை ஏற்றுக்கொள்கிறது. பழையபடி மனிதரை நம்புகிற சைலஸ் திரும்பிவருகிறான். பிள்ளையின் சுபாவம் வளர்ப்பவரை மாற்றுவதை இவ்வளவு விளக்கமாக அதுவரை யாரும் எழுதவில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நான்கு நாவல்களிலும் மனதில் மிகக் குறைவாகத் தங்குகிறவள் எப்பிதான். பதினெட்டு வயதில், பெற்ற தகப்பன் பணக்காரன் காட்ஃப்ரி வந்து அழைக்கும்போது, போகமாட்டேன் என்கிறாள். அந்த இடம் தவிர அவளுக்கென்று ஒரு நெருக்கடி இல்லை. எந்தச் சுபாவத்துக்கும் ஈடுகொடுக்க வழி கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் நேராத பிள்ளை அவள். நிஜ வாழ்க்கையில் எல்லாப் பிள்ளைகளும் எப்பியாக இருக்கவே நாம் ஆசைப்படுவோம். வாசிக்கும்போது பிப்பைத்தான் தேடுகிறோம்.

பிப்பின் கதை முடியும் இடத்தில், பல ஆண்டு கழித்து அவன் ஜோவின் வீட்டுக்குத் திரும்பி வருகிறான். அக்கா இறந்த பிறகு ஜோ, பிட்டி என்ற நல்ல பெண்ணை மணந்திருக்கிறான். அடுப்படியில் பிப்பின் பழைய முக்காலியில் அவர்கள் மகன் உட்கார்ந்திருக்கிறான். அவன் பேரும் பிப். பெரிய பிப் பக்கத்தில் போய் உட்காருகிறான். ஆனால் பையனின் தலைமுடியைக் கலைத்து விளையாடவில்லை என்று கவனமாகக் குறிப்பிடுகிறான். சின்ன வயதில் வீட்டுக்கு வந்தவர்கள் அவன் முடியைக் கண்ணில் விழும்படி கலைத்துவிட்டுப் போனதெல்லாம் அவனுக்கு மறக்கவில்லை. பிறகு பிட்டியிடம், இவனை என்றைக்காவது எனக்குக் கொடுத்துவிடு, கொஞ்ச நாளுக்காவது இரவல் கொடு என்று கேட்கிறான். இந்த நாவலில் பிள்ளைகள் கைமாறிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். ஜாகர்ஸ் எஸ்டெல்லாவை மிஸ் ஹாவிஷாமிடம் ஒப்படைத்தார். ஜோவின் மாமா பம்பிள்சூக் பிப்பை அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டார். பிப்பை லண்டனுக்கு அனுப்பும்போது ஜோவுக்கு நஷ்டஈடு தருவதாகச் சொல்லி ஜாகர்ஸ் அவனிடம் அடிவாங்கப் பார்த்தார். அப்போதும் பிள்ளை போய்விட்டான். எந்தப் பெரியவரும் மறுத்ததில்லை. பிட்டி மென்மையாகத்தான் சொல்கிறாள், ஆனால் தரமாட்டேன் என்கிறாள். நீ கல்யாணம் செய்துகொள் என்கிறாள்.